காதணி விழா பேனரும் பொருந்தாத ஹேங்கரும்

என் சைக்கிளின் நடுச்சட்டத்தில் தொங்கும் பையைத் திறந்தால் உள்ளே ஒரு குழந்தை சிரிக்கும். இரண்டு வருடத்துக்கு முன்பு எங்கள் தெருவில் நடந்த காதணி விழாவுக்கு வைத்த ஃபிளெக்ஸ் பேனர் அது. விழா முடிந்து கழற்றிப் போட்டதைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். தாய்மாமன்மார் வரிசை பையின் அடிப்பக்கம் போய்விட்டது. ‘அன்புடன் அழைக்கும்’ என்ற எழுத்து இருக்கைப் பைக்குள் தலைகீழாக இருக்கிறது. வெளிப்பக்கம் வெள்ளை, இப்போது அதுவும் செம்மண் நிறம்.

சைக்கிளிலேயே பைகளைக் கட்டிக்கொண்டு நெடுந்தூரம் போகும் பைக்பேக்கிங் பந்தயங்களைப் பற்றிப் படித்துப் படித்துப் பிடித்த கிறுக்கு இது. டூர் டிவைட் என்று ஒன்று இருக்கிறது. கனடாவின் பான்ஃப் நகரில் கிளம்பி, ராக்கி மலைத்தொடரை ஒட்டியே இறங்கி, மெக்சிகோ எல்லையில் ஆன்டலோப் வெல்ஸ் என்ற இடத்தில் முடிகிறது. ஏறக்குறைய 4,400 கிலோமீட்டர், பெரும்பகுதி மண்ணும் சரளையும். நுழைவுக் கட்டணம் கிடையாது, பரிசுப் பணமும் கிடையாது. 2016இல் மைக் ஹால் அதைப் பதினான்கு நாளுக்குள் முடித்தார். ஒரு நாளைக்கு 300 கிலோமீட்டருக்கு மேல் என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு நான் சற்று நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். கிர்கிஸ்தானில் 2018 முதல் நடக்கும் சில்க் ரோடு மவுண்டன் ரேஸும் இதே போல எல்லாவற்றையும் தானே பார்த்துக்கொள்ளும் வகைதான்.

தூரம் மட்டும் என்றால் பழகிக்கொள்ளலாம். விதிதான் கடினம். உணவு, தண்ணீர், படுக்கை, பழுது எல்லாவற்றையும் நீயே பார்த்துக்கொள்ள வேண்டும். கடையில் எல்லோருக்கும் காசுக்குக் கிடைப்பதை நீயும் வாங்கலாம். உனக்கென்று ஒருவர் ஏற்பாடு செய்து வைத்ததைத் தொடக்கூடாது. இதை எங்கள் பக்கத்தில் புரியவைப்பது சிரமம். தைப்பூசத்துக்கு நகரத்தார் குன்றக்குடியில் கூடிக் காவடியோடு நத்தம் வழியாகப் பழனிக்கு நடக்கிறார்கள். வழியெல்லாம் சோறும் மோரும் கொடுக்க ஆட்கள் காத்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட மண்ணில் ‘யாரும் எனக்கு எதுவும் தராதீர்கள்’ என்று ஒருவன் கிளம்பினால் அவனை என்னவென்று சொல்வார்கள்? என் அம்மா சொன்னதை இங்கே எழுத முடியாது.

கனடாவுக்குப் போக விடுப்பும் இல்லை, காசும் இல்லை. அதே விதியை வைத்துக்கொண்டு இங்கேயே ஒரு சுற்று போய்ப் பார்க்கலாம் என்று முடிவு செய்தேன். குன்றக்குடி, திருப்பத்தூர், சிங்கம்புணரி, பிரான்மலை, பொன்னமராவதி, திருமயம், கானாடுகாத்தான், ஆத்தங்குடி, காரைக்குடி. முடிந்தவரை தார்ச்சாலையைத் தவிர்த்து, கண்மாய்க் கரைகளிலும் வண்டிப்பாதைகளிலும் ஏறத்தாழ 180 கிலோமீட்டர். மூன்று பகல், இரண்டு இரவு. டூர் டிவைட்காரர்கள் காலைக் காப்பிக்கு முன் முடிக்கிற தூரம் என்று நண்பன் கேலி செய்தான். செய்யட்டும்.

வண்டி இரண்டாம் கையில் வாங்கியது. 29 அங்குலச் சக்கரம், முன்னால் மூன்று பல்சக்கரம், பின்னால் ஒன்பது. பைகளைக் கடையில் வாங்கினால் வண்டி வாங்கிய விலையில் பாதி ஆகும் போலிருந்தது. அதனால்தான் பேனர். ஆட்டோ, வேன் இருக்கைகளுக்கு உறை தைக்கும் கடையில், மாலை ஏழு மணிக்குமேல் தையல் இயந்திரத்தை எனக்கு விட்டுக்கொடுத்தார் கடைக்கார அண்ணன்.

முதல் பை இரண்டே வாரத்தில் கிழிந்தது. காரணம் கிழிந்த பிறகுதான் தெரிந்தது. ஃபிளெக்ஸ் என்பது பாலியெஸ்டர் வலையின் இரு பக்கமும் பிளாஸ்டிக் பூசியது. இழுவையைத் தாங்குவது அந்த வலைதான். நான் அழகாக இருக்கட்டும் என்று நெருக்கமாகத் தைத்திருந்தேன். ஊசி போட்ட ஓட்டைகள் தபால்தலை ஓரம் போல வரிசையாக நின்றன; சுமை ஏறியதும் தபால்தலை மாதிரியே அழகாகப் பிரிந்து வந்தது. அண்ணன் கிழிசலை விரலால் தடவிவிட்டு, “தையல் பிரியவில்லை பாருங்கள், துணிதான் பிரிந்திருக்கிறது. தையலைக் குறையுங்கள்” என்றார். இரண்டாவது பையில் ஒவ்வொரு தையலுக்கும் நடுவே நான்கு மில்லிமீட்டர் விட்டேன். விளிம்பெல்லாம் நைலான் நாடாவை இரண்டாக மடித்துக் கவ்வவைத்து, நாடாவோடு சேர்த்துத் தைத்தேன். இழுவை இப்போது நாடாவில் விழுகிறது, பேனர் தண்ணீரை மட்டும் தடுக்கிறது. பட்டை வந்து சேரும் இடங்களில் சதுரமும் நடுவில் பெருக்கல் குறியுமாகத் தைக்கச் சொன்னார். ஏழு இடத்தில் அப்படிச் செய்தேன். எட்டாவது இடத்துக்கு வரும்போது மணி பத்தாகிவிட்டது. நேராக இரண்டு கோடு ஓட்டிவிட்டு வீட்டுக்குப் போனேன். அந்த எட்டாவது பிறகு வரும்.

அடுத்தது முள். ஆவணியில் சாதாரண டியூபோடு காரைக்குடியைச் சுற்றி 40 கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்ததில் ஐந்து பஞ்சர். எல்லாம் சீமைக் கருவேல முள். தார்ச்சாலை ஓரத்திலேயே கிடக்கும்; கண்மாய்க் கரையில் கேட்கவே வேண்டாம். டியூப்லெஸ்தான் வழி என்று தெரிந்துவிட்டது. என் ரிம் அதற்கேற்ற ரகம். ஆரக்கால் ஓட்டைகளை மூட டேப்பை இரண்டு சுற்று இழுத்து ஒட்டினேன், வால்வைப் பொருத்தினேன், டயரை ஏற்றினேன். கைப்பம்பால் எவ்வளவு அடித்தும் டயரின் ஓரம் ரிம்மில் உட்காரவில்லை. அடித்த காற்றெல்லாம் பக்கவாட்டில் போனது.

சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு லாரி டயர்க் கடைக்குப் போனேன். அங்கே இன்னொரு சிக்கல். இங்கே ஊர்ச் சைக்கிளுக்கெல்லாம் ரப்பர் வால்டியூப் போட்ட வால்வு, மோட்டார் சைக்கிளுக்குத் தடித்த வால்வு. என்னுடையது மெல்லிய பிரெஸ்டா. இரண்டுக்கும் நடுவே சுண்டுவிரல் நுனியளவு பித்தளை அடாப்டர் ஒன்று வேண்டும். நல்லவேளையாக வாங்கி வைத்திருந்தேன். வால்வின் உள்ளூசியைக் கழற்றிவிட்டால் காற்று தடையில்லாமல் பாயும். டயர் ஓரத்தில் சோப்புத் தண்ணீர் தடவி, ஊசியில்லாமல் கம்ப்ரசரைப் பிடித்ததும் ‘பட், பட்’ என்று இரண்டு சத்தம். உட்கார்ந்துவிட்டது. பிறகு காற்றை இறக்கி, வால்வு வழியாக ஒரு சக்கரத்துக்கு 100 மில்லி சீலண்ட் ஊற்றி, ஊசியை மாட்டிக் காற்றடித்து, இரண்டு பக்கமும் சாய்த்துச் சாய்த்துச் சுற்றினேன். சீலண்ட் என்பது பெரும்பாலும் ரப்பர் பால்தான். ஓட்டையில் காற்றோடு வெளியே வரும்போது உறைந்து அடைத்துக்கொள்ளும். எங்கள் வெயிலில் இரண்டு மூன்று மாதத்தில் காய்ந்துவிடுகிறது, ஆகவே தீபாவளிக்கு ஊற்றியதை நம்பிப் பங்குனியில் கிளம்பக்கூடாது.

தை பிறந்து, காவடிக் கூட்டம் பழனிக்குப் போன பிறகு ஒரு வெள்ளிக்கிழமை விடியற்காலை குன்றக்குடி அடிவாரத்திலிருந்து கிளம்பினேன். முன்டயரில் 22, பின்டயரில் 25 பிஎஸ்ஐ. சுமை ஒன்பது கிலோ, தண்ணீர் தனி. கனமான கருவிகள் நடுச்சட்டப் பையின் அடியில், தாய்மாமன்மார் மடியில்.

திருப்பத்தூர் வரை சொல்ல ஒன்றுமில்லை. வேட்டங்குடியில் கண்மாய் நிறையப் பறவைகள். கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் இந்தப் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. அந்த அமைதியில் என் பின்சக்கரம் ‘புஸ்ஸ்’ என்று சீறியது அணுகுண்டு மாதிரி கேட்டது. இறங்கிப் பார்த்தேன். கட்டைவிரல் நீள முள் ஒன்று டயரின் நடுவில் ஏறி, நுனி பக்கவாட்டில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. உள்ளே போன இடத்தில் காற்று கசியவில்லை. நுனி வெளியே வந்த இடத்தில் வெள்ளைக் குமிழி கட்டிக் கட்டி உடைந்தது. பிடுங்கினால் இரண்டு ஓட்டை. லாரி டயர்க் கடைக்காரர் சொன்னது நினைவுக்கு வந்தது: “சின்ன முள்ளைப் பிடுங்காதீர்கள், அதுவே அடைப்பு.” குறட்டால் முள்ளின் தலையை டயர் மட்டத்துக்கு வெட்டிவிட்டு, நுனி இருந்த பக்கத்தைக் கீழே வைத்துச் சக்கரத்தை அப்படியே பிடித்துக்கொண்டேன். இருபது எண்ணுவதற்குள் குமிழி நின்றது. விரலால் தொட்டால் பால்கட்டி போல ஒரு பிசின். பம்பை எடுத்து முப்பது அடி அடித்துவிட்டுக் கிளம்பினேன். ஒரு கொக்குகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

சாப்பாட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிலும் ஒரு பாடம் பட்டேன். வீட்டில் செய்த மாவுருண்டையும் சீப்புச்சீடையும் கொண்டுபோனேன். செட்டிநாட்டுப் பலகாரத்துக்கு மிஞ்சிய பயணச் சாப்பாடு உண்டா என்ற பெருமை. வண்டிப்பாதையில் 30 கிலோமீட்டர் குலுங்கியதும் மாவுருண்டை மறுபடி மாவாகிவிட்டது, சீடை ரவையாகிவிட்டது. இரண்டையும் ஒரே டப்பாவில் வைத்திருந்ததால் நெய் மணக்கும் ஒரு புதுப் பலகாரம் கிடைத்தது. தம்ளர் மூடியால் அள்ளித் தின்றேன். கடலை மிட்டாய் மட்டும் கடைசிவரை உருக்குலையாமல் வந்தது.

எட்டாவது பட்டை சிங்கம்புணரி தாண்டியதும் போனது. இருக்கைப் பை ஒருபக்கம் சரிந்து பின்டயரில் உரச ஆரம்பித்தது. பெருக்கல் குறி போட்ட ஏழும் கல்போல நிற்க, நேர்க்கோடு போட்டது மட்டும் வாயைப் பிளந்திருந்தது. செருப்புத் தைக்கும் நைலான் நூலும் தடித்த ஊசியும் கருவிப்பையில் இருந்தன. ஒரு மைல்கல்லின் மேல் உட்கார்ந்து, தலைவிளக்கு வெளிச்சத்தில், கொசு மொய்க்க, வீட்டில் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்க வேண்டிய தையலை முக்கால் மணி நேரம் கையால் தைத்தேன்.

பிரான்மலைதான் பாரியின் பறம்பு மலை என்பார்கள். முல்லைக்கொடிக்குத் தேரைக் கொடுத்துவிட்டு நடந்து போன மன்னனின் ஊர். என் வாகனத்தைக் கேட்டு வழிமறிப்பது முல்லையாக இருந்தால் நானும் கொடுத்திருப்பேன். கருவேலத்துக்கு எப்படிக் கொடுப்பது? அன்றிரவு அடிவாரத்தில் ஒரு பஸ் நிறுத்தக் கூரையின் கீழ் கொசுவலையைக் கட்டிப் படுத்தேன். டூர் டிவைட்டில் கரடிக்குப் பயந்து கழிப்பறைக்குள் படுப்பவர்கள் உண்டு. எனக்கு இரண்டு நாய்கள். ஒன்று காலடியிலேயே படுத்துக்கொண்டது. நள்ளிரவுக்குமேல் மழை. தையில் பெய்யாது என்று எண்ணி மழைச்சட்டை எடுக்கவில்லை. பையைச் சுற்ற வைத்திருந்த மிச்சப் பேனரைப் போர்த்திக்கொண்டேன்.

மறுநாள் பொன்னமராவதி தாண்டி, ஒரு கண்மாயின் உள்வாயில் வண்டிப்பாதை இறங்கியது. மடைத் தண்ணீரும் இரவு மழையும் சேர்ந்து வண்டல் குழைந்து கிடந்தது. பக்கத்தில் அறுவடை முடிந்த வயல். பாதை முழுக்க வைக்கோல். களிமண்ணில் வைக்கோல் போட்டு மிதிப்பது எதற்கு என்று கிராமத்தில் வளர்ந்த எவனுக்கும் தெரியும். சுவர் எழுப்ப. நான் என் பின்சக்கரத்தில் சுவர் எழுப்பிக்கொண்டு போனேன். டூர் டிவைட்டின் கடைசி மாநிலமான நியூ மெக்சிகோவிலும் களிமண்ணும் வைக்கோலும் குழைத்த சுடாத செங்கல்லில்தான் பழைய வீடுகளைக் கட்டினார்கள். மழை பெய்த நாளில் அந்தப் பக்கத்து மண்சாலைகளில் டெரெய்லரை, அதாவது சங்கிலியைக் கியருக்குக் கியர் நகர்த்தும் பாகத்தை, பறிகொடுத்தவர்களின் கதைகளை நானே ஆர்வமாகப் படித்திருக்கிறேன். படித்தவன் இறங்கித் தள்ள வேண்டியதுதானே? முன்னால் பத்தடியில் கட்டாந்தரை தெரிந்தது. இன்னும் நான்கு மிதி என்று நினைத்தேன்.

மூன்றாவது மிதியில் ‘டக்’. டெரெய்லரின் சின்னப் பல்லுருளிகளுக்கு நடுவே வைக்கோல் கற்றை சிக்கி, சங்கிலி அதை அப்படியே மேலே இழுத்து, ஆரக்கால்களுக்குள் செருகிவிட்டது. இரண்டு ஆரம் வளைந்தது. டெரெய்லரைச் சட்டத்தோடு சேர்க்கும் ஹேங்கர் என்ற அலுமினியத் துண்டு இரண்டாக முறிந்தது. அது முறியவேண்டியதுதான், சட்டம் உடையாமல் இருக்கத் தன்னைப் பலிகொடுக்க என்றே மென்மையான உலோகத்தில் செய்கிறார்கள். அதனால்தான் எல்லோரும் உபரி ஹேங்கர் ஒன்று வைத்திருப்பார்கள். நானும் வைத்திருந்தேன்.

புளியமரத்தடியில் வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, மண்ணைக் குச்சியால் சுரண்டி, முறிந்த துண்டைக் கழற்றி, பொட்டலத்தைப் பிரித்து உபரியை வைத்தேன். வடிவம் அப்படியே. வளைவு அப்படியே. திருகு ஓட்டை மட்டும் இரண்டு மில்லிமீட்டர் தள்ளி இருந்தது. திருப்பி வைத்துப் பார்த்தேன், கவிழ்த்து வைத்துப் பார்த்தேன். நான்கு மாதமாக அந்தப் பொட்டலம் என் மேசையில் இருந்திருக்கிறது. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, பிரித்துச் சட்டத்தில் வைத்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். விற்றவரைத் திட்டிப் பயனில்லை. படத்தைப் பார்த்து வாங்கியவன் நான்.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் வந்து நின்றார். சற்று நேரம் பார்த்துவிட்டு, மகனின் மொபெட் இருப்பதாகவும், திருமயத்தில் கொண்டுபோய் விடச் சொல்வதாகவும் சொன்னார்.

“வேண்டாம் ஐயா. சொந்தமாகவே போக வேண்டும் என்று ஒரு விதி.”

“யார் போட்ட விதி?”

“நானே போட்டுக்கொண்டது.”

“யாராவது பார்க்கிறார்களா?”

“இல்லை.”

அவர் ஆடுகளைப் பார்த்துக்கொண்டார். மறுபடி எதுவும் கேட்கவில்லை, ஆனால் போகவும் இல்லை.

மிச்சமிருந்த வழி ஒன்றுதான்: கியரே இல்லாத வண்டியாக மாற்றுவது. டெரெய்லரைக் கழற்றி, கேபிளை வெட்டி, இரண்டையும் பைக்குள் போட்டேன். சங்கிலியைக் குறுக்கி, முன்னால் ஒன்று பின்னால் ஒன்று என்று நேராக ஓடவிட வேண்டும். முன்னால் நடுவில் உள்ள 32 பல். பின்னால் எது? வேகம் கிடைக்கட்டும் என்று 17 பல்லில் போட்டுப் பார்த்தேன். சங்கிலி கட்டவிழ்ந்த கொடிக்கயிறு போலத் தொங்கியது. ஒரு கண்ணி குறைத்தால் எட்டவில்லை. என் சட்டத்தில் பின்சக்கரம் உட்காரும் இடம் நேர்க்குத்தாக இருப்பதால் சக்கரத்தைப் பின்னுக்கு இழுத்து விறைப்பாக்கவும் வழியில்லை. பழைய ஊர்ச் சைக்கிளில் அந்த வசதி உண்டு என்பதைப் பெரியவர் தற்செயலாகச் சுட்டிக்காட்டினார்: “சக்கரத்தைப் பின்னால் தள்ளினால் இறுகுமே?” அவருக்கு அறுபது வருட அனுபவம். என் வண்டிக்கு அந்த வசதி இல்லை.

அடுத்தது 20 பல், ஒன்பதில் நடுவில் உள்ளது. சங்கிலித் துண்டைச் சுற்றிப் பிடித்துப் பார்த்தபோது அதிர்ஷ்டம் எட்டிப்பார்த்தது: ஏறக்குறைய விறைப்பு, விரலால் அழுத்தினால் கொஞ்சம் இறங்கியது. நடுவுக்கு நடு என்பதால் கோடும் நேராக இருந்தது. சங்கிலிக் கருவியால் ஆணியைத் தள்ளி வெட்டி, குயிக் லிங்க் என்ற இணைப்புக் கண்ணியைப் போட்டு இணைத்து, பிரேக்கைப் பிடித்துக்கொண்டு மிதியை அழுத்தியதும் ‘கிளிக்’ என்று பூட்டிக்கொண்டது. வளைந்த ஆரங்களைக் கையால் நிமிர்த்தினேன். ஒரு மணி பத்து நிமிடம். பெரியவர் தன் தூக்கில் இருந்த நீராகாரத்தை நீட்டினார். இந்தப் பந்தயங்களில், கேட்காமல் வழியில் தற்செயலாகக் கிடைக்கும் அன்பைப் பெரும்பாலும் யாரும் குற்றமாகப் பார்ப்பதில்லை. அப்படி இல்லாவிட்டாலும் குடித்திருப்பேன்.

32க்கு 20 என்றால் ஒரு மிதிச் சுற்றுக்கு மூன்றரை மீட்டருக்குச் சற்று மேல். சமதரையில் மணிக்குப் பதின்மூன்று, பதினான்கு கிலோமீட்டர். காவடிக்காரரைவிட வேகம், அவ்வளவுதான். குலுக்கும் இடங்களில் சங்கிலி பெரிய பல்லுக்குத் தாவப் பார்த்தது. கியர் எளிதாக மாற வேண்டும் என்று பல்லின் பக்கத்தில் சரிவு செதுக்கி வைத்திருக்கிறார்கள். அந்த வசதியே இப்போது எனக்கு எதிரி. தாவினால் இறுகி நின்றுவிடும், தாவாவிட்டால் கழன்று விழும். திருமயம் கோட்டை கண்ணில் படுவதற்குள் பதினொரு முறை விழுந்தது. ஏழாவது முறைக்குப் பிறகு கையைத் துடைப்பதை நிறுத்திவிட்டேன்.

திருமயத்தில் ஒரு சைக்கிள் கடை திறந்திருந்தது. எல்லோருக்கும் காசுக்குக் கிடைப்பது, விதிக்குள் வருகிறது. கடைக்காரருக்குக் கியர் வண்டிப் பழக்கமில்லை, ஆனால் பட்டறைக் குறடும் அரமும் இருந்தன. பொருந்தாத ஹேங்கரின் ஓட்டையை அரத்தால் இழுத்து நீட்டிப் பார்க்கலாமா என்று யோசித்தேன். அரை மணி நேரம் அராவியதில் ஓட்டை நகர்ந்தது, ஆனால் விளிம்பில் நூலளவு உலோகம்தான் மிஞ்சியது. இதைப் போட்டால் அடுத்த குலுக்கலில் டெரெய்லர் மறுபடி ஆரத்துக்குள் போகும் என்று அவரே தடுத்தார். அரத்துக்கு அவர் காசு வாங்கவில்லை. விதியை நினைத்து வற்புறுத்திக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு ஒரு தேநீர் வாங்கித் தந்தார். கணக்கு நேர்.

கடைசி நாள் கானாடுகாத்தான், ஆத்தங்குடி வழியாக முப்பத்துச் சொச்சம் கிலோமீட்டர். நீண்ட நேரான தெருக்கள், இரண்டு பக்கமும் பூட்டிய அரண்மனை வீடுகள். சங்கிலி இரண்டே முறைதான் விழுந்தது. ஆத்தங்குடியில் வெயிலில் காயவைத்த தரைக்கற்களுக்கு முன்னால் நின்று கடைசிக் கடலை மிட்டாயைத் தின்றேன். பவர்பேங்க் அங்கேயே தீர்ந்தது. 1953 முதல் மின்வேதியியல் ஆய்வகம் வைத்திருக்கும் காரைக்குடிக்குள் செத்த பேட்டரியோடு நுழைந்தேன்.

வண்டியைக் கழுவவே ஒரு ஞாயிறு போனது. டயர்களைக் கழற்றி உள்பக்கம் தடவியதில் 27 முள். எல்லாவற்றையும் சீலண்ட் அடைத்திருந்தது, முப்பது மில்லிகூட மிச்சமில்லை. இருக்கைப் பையின் எட்டாவது பட்டையைப் பிரித்து, சதுரமும் பெருக்கல் குறியுமாகத் தைத்தாகிவிட்டது. நீளமான கீறல் ஒன்று நடுச்சட்டப் பையில், குழந்தையின் நெற்றியில் விழுந்திருக்கிறது, கருவிப்பை உரசியது. அதற்கு ஒரு ரப்பர் துண்டு ஒட்டினேன்.

சரியான ஹேங்கர் நேற்றுத் தபாலில் வந்தது. முறிந்த பழைய துண்டின் மேல் வைத்து ஓட்டையை ஒப்பிட்டேன், சட்டத்தில் மாட்டித் திருகிப் பார்த்தேன், பொருந்துகிறது. இரண்டு வாங்கியிருந்தேன். இரண்டாவது இன்னும் பொட்டலத்துக்குள் இருக்கிறது. இதை எழுதி முடித்ததும் அதையும் மாட்டிப் பார்க்க வேண்டும்.